பாகில் மிச்சமிருக்கும் தண்ணீர்: வீட்டில் மிட்டாய் செய்யத் தொடங்குவோருக்கு

பண்டிகை நெருங்கும்போது, வாங்கிய பெட்டியை நீட்டுவதைவிடக் கையால் செய்த மிட்டாயைக் கொடுக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். நல்ல எண்ணம்தான். செய்ய இறங்கியதும்தான் தொல்லை தொடங்கும். மெதுவாக இழுபட வேண்டிய கேரமல் பல்லை உடைக்கும். வெண்ணெய் போல் கரைய வேண்டிய ஃபட்ஜ் நாக்கில் மணல் மணலாக உறுத்தும். கண்ணாடி மாதிரி இருந்த லாலிபாப் மறுநாள் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

என்ன தப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்க விட்டிருக்க வேண்டும் என்பார் ஒருவர். கிளறாமல் விட்டதுதான் தப்பு என்பார் இன்னொருவர். கிளறியதுதான் தப்பு என்பார் மற்றொருவர். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை வரும். கடைசியில், இதற்கெல்லாம் கைப்பக்குவம் வேண்டும் என்று பேச்சு முடிந்துவிடும். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் உண்மை. எந்த இடத்தில் என்று யாரும் சொல்வதில்லை, அதனால்தான் குழப்பம்.

கைப்பக்குவம் என்பது உண்மையிலேயே உண்டு. ஆனால் பழகிய கை எதைக் கவனிக்கிறது என்று விளக்கிச் சொல்ல முடியும். சர்க்கரை மிட்டாய் எதுவானாலும் இரண்டே கேள்விகள்: பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது? சர்க்கரை படிகமாகிவிட்டதா, இல்லையா? இந்த இரண்டும் புரிந்துவிட்டால் எந்தச் செய்முறையைப் படித்தாலும் அதன் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தெரிந்துவிடும்.

கொதிக்கும்போது என்ன நடக்கிறது

ஒரு பாத்திரத்தில் ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்த்து அடுப்பில் வைப்போம். சர்க்கரை கரைகிறது, கலவை கொதிக்கிறது, ஆவி போகிறது. அந்த ஆவி வெறும் தண்ணீர். சர்க்கரை எங்கேயும் போவதில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வரும். பாகு காய்ச்சுவது என்றால் வேண்டாத தண்ணீரை வெளியே அனுப்புவது, அவ்வளவுதான்.

எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்த ஒரு கிலோ சர்க்கரையோடு ஏறக்குறைய 175 கிராம் தண்ணீர் மிச்சமிருக்கும்போது அடுப்பை அணைத்தால் ஃபட்ஜுக்கான மென்மை கிடைக்கும். 150 கிராம் மிச்சமிருந்தால் கேரமலுக்கான உறுதி வரும். வெறும் 10 கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டால், ஆறியதும் கடித்தால் உடையும் கெட்டி மிட்டாய். மென்மைக்கும் உறுதிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கால் டம்ளருக்கும் குறைவான தண்ணீர் என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது கடினம் என்பதில் என்ன ஆச்சரியம்?

கடிகாரத்தை நம்ப முடியாததும் இதனால்தான். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஒடுக்கமானதில் மெதுவாக ஆகும். தீயின் அளவு, பாகின் அளவு, பாத்திரத்தின் கனம் எல்லாம் நேரத்தை மாற்றும். "12 நிமிடம் கொதிக்க விடவும்" என்று எழுதியிருந்தால் அது எழுதியவருடைய அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் பொருந்திய கணக்கு. அளவை இரட்டிப்பாக்கிச் செய்யும்போது பலருக்கும் சறுக்குவதும் இங்கேதான்.

வெப்பநிலை ஏன் தண்ணீரின் அளவைச் சொல்கிறது

கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை கொஞ்சம் உயரும். கரைந்திருக்கும் சர்க்கரையின் பங்கு கூடக்கூட கொதிநிலையும் கூடிக்கொண்டே போகும். இதற்குக் கொதிநிலை உயர்வு என்று பெயர். பாதிக்குப் பாதி சர்க்கரையும் தண்ணீரும் உள்ள பாகு ஏறக்குறைய 102 டிகிரியில் கொதிக்கும். சர்க்கரை 80 சதவீதம் ஆகும்போது 112 டிகிரி. 99 சதவீதம் வரும்போது 150 டிகிரியை ஒட்டிப் போய்விடும்.

ஆக, கொதிக்கும் பாகின் வெப்பநிலையைப் பார்த்தால் அதில் மிச்சமிருக்கும் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. செய்முறையில் 118 டிகிரி என்று போட்டிருப்பது அந்தச் சூட்டில் ஏதோ மாயம் நடப்பதால் அல்ல. தண்ணீர் வேண்டிய அளவுக்குக் குறைந்துவிட்டது என்பதற்கு அந்த எண் ஓர் அடையாளம்.

தொடங்குவோர் எல்லோரும் தடுமாறும் ஒரு விஷயமும் இங்கே விளங்கும். தெர்மாமீட்டர் முள் 103, 104 என்று வெகுநேரம் நகராமலே நிற்கும். பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும். தீயைக் கூட்டிவிட்டு வேறு வேலையைக் கவனிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் 125-ஐத் தாண்டியிருக்கும். நம்முடைய ஒரு கிலோ சர்க்கரைப் பாகில் கணக்குப் பாருங்கள். 102 டிகிரியிலிருந்து 112-க்கு வர 750 கிராம் தண்ணீர் போக வேண்டும். 112-லிருந்து 150-க்குப் போக 240 கிராம் போனால் போதும். முதல் பத்து டிகிரிக்கு அத்தனை நேரம், அடுத்த 38 டிகிரிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு வேலை. அதனால் 108 தொட்டதும் தீயைக் குறைத்துவிட்டு, அடுப்பைவிட்டு நகராமல் நிற்பது நல்லது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மிட்டாயின் கெட்டித்தன்மையைத் தீர்மானிப்பது மிச்சத் தண்ணீர். அதை அளக்கும் கருவி தெர்மாமீட்டர். நிமிடக் கணக்கு வெறும் உத்தேசம்.

பதங்களும் குளிர்ந்த நீர்ச் சோதனையும்

தெர்மாமீட்டர் வருவதற்கு முன்பும் மிட்டாய் செய்தார்கள். கொதிக்கும் பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். ஆறிய மிட்டாய் எப்படி இருக்கும் என்பதன் சின்ன முன்னோட்டம் அது. இன்றைக்கும் அந்தச் சோதனை நம்பகமானது. தெர்மாமீட்டர் வைத்திருந்தாலும் கூடவே இதையும் செய்து பார்க்கச் சொல்வேன். எண்ணையும் கையையும் சேர்த்துப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும்போதெல்லாம் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் துளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும். அரை ஸ்பூன் பாகைத் தண்ணீரில் விட்டு, சில விநாடிகள் கழித்து விரலால் திரட்டுங்கள்.

110 டிகிரியை ஒட்டி, திரட்ட வராமல் மெல்லிய இழையாக ஓடும். இது கம்பிப் பதம். 112 முதல் 116 வரை, தண்ணீருக்குள் உருண்டையாகத் திரளும்; வெளியே எடுத்ததும் விரலுக்கு நடுவே தளர்ந்து தட்டையாகும். இது மென் உருண்டைப் பதம், ஃபட்ஜுக்கானது. 118 முதல் 120 வரை, வெளியே எடுத்தாலும் உருண்டை நிற்கும், அழுத்தினால் அமுங்கும். மெல்லும் கேரமல் இங்கேதான் பிறக்கிறது. 121 முதல் 130 வரை உருண்டை நன்றாக இறுகி, அழுத்தக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும். 132 முதல் 143 வரை உருண்டையே வராது. தண்ணீரில் இழைகளாக உறையும், எடுத்து வளைத்தால் சற்று வளைந்து பிறகு உடையும். 146-க்கு மேல், துளி தண்ணீரில் விழுந்ததுமே 'சடக்' என்று வெடிப்புச் சத்தம் கேட்கும். எடுத்து ஒடித்தால் வளையாமல் முறியும். லாலிபாப், டாஃபி, கொட்டைகள் சேர்த்த நொறுங்கும் பிரிட்டில் எல்லாம் இந்தப் பதத்தில்தான்.

கனமான பாத்திரம் அடுப்பை அணைத்த பிறகும் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வேண்டிய வெப்பநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி முன்பாகவே இறக்கிவிடுவது வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 150 டிகிரிப் பாகு கொதிநீரைவிட மிக மோசமாகச் சுடும், ஏனென்றால் அது தோலில் ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்கும். பக்கத்திலேயே ஒரு பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். பட்டுவிட்டால் உடனே கையை முக்கி, பிறகு குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; ஐஸ் வைக்க வேண்டாம். கொதிக்கும் நேரத்தில் குழந்தைகள் சமையலறைக்கு வெளியே இருக்கட்டும். உறை சுற்றும் வேலையில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டரைச் சரிபார்ப்பது

வாங்கியதும் முதல் வேலையாகக் கொதிக்கும் வெறும் தண்ணீரில் அதை வைத்துப் பாருங்கள். முனை அடியில் தொடாமல், தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். 97 காட்டினால் செய்முறையில் உள்ள எல்லா எண்களிலும் 3-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கும் இதே திருத்தம்தான். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கருவியின் பிழையா, இடத்தின் உயரமா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கொதிநீர்ச் சோதனை இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இனி இரண்டாவது கேள்வி: படிகம்

சர்க்கரை டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு மணியும் ஒரு படிகம். சர்க்கரையின் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் வரிசை தவறாமல் அடுக்கியிருக்கும் திடப்பொருளைத்தான் படிகம் என்கிறோம். தண்ணீரில் கரைக்கும்போது அந்த அடுக்கு குலைந்து, மூலக்கூறுகள் தனித்தனியாக மிதக்கத் தொடங்குகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி அடுக்கிக்கொள்ளும்.

அந்த வாய்ப்பு பாகு ஆறும்போது வருகிறது. சாதாரண அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையை ஒட்டி அதே தண்ணீர் 480 கிராமுக்கு மேல் தாங்கும். ஃபட்ஜ் பதத்தில் இருக்கும் பாகிலோ 100 கிராம் தண்ணீருக்கு 560 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இது ஆறி அறைச் சூட்டுக்கு வரும்போது, தாங்கக்கூடிய அளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் சர்க்கரை கரைந்தபடியே நிற்கிறது. இப்படி அளவுக்கு மீறிக் கரைந்து நிற்கும் கரைசலுக்கு மிகைப்பூரிதக் கரைசல் என்று பெயர். அது நிலையற்றது. ஒரு சின்னத் தூண்டுதல் கிடைத்தால் அதிகப்படி சர்க்கரை படிகமாக வெளியே வரத் தொடங்கிவிடும்.

தூண்டுதல் என்னவாகவும் இருக்கலாம். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரை மணி, கழுவாமல் மறுபடி போட்ட கரண்டி, ஏதோ ஒரு தூசு, பாத்திரத்தை அசைத்தது, கிளறியது. ஒரு படிகம் உருவானால் போதும், சுற்றியுள்ள சர்க்கரை அதன்மேல் வந்து அடுக்கும். தெளிவாக இருந்த பாகு கண்ணெதிரே கலங்கி, வெள்ளை பூத்து, கட்டியாகிவிடும்.

சர்க்கரை முழுதாகக் கரையும் வரை கிளறலாம், கொதி வந்தபின் கிளறக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். ஓரத்தில் ஒட்டிய மணிகளை ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வைப்பது. உள்ளே ஆவி குளிர்ந்து ஓரமாக வழிந்து, ஒட்டியிருக்கும் மணிகளைத் தானே கழுவிவிடும். பால், வெண்ணெய் சேர்ந்த பாகு மட்டும் விலக்கு. அது அடிப்பிடிக்கும் என்பதால் கேரமலை மெதுவாகக் கிளறிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கிளறு, கிளறாதே என்ற இரண்டு அறிவுரைகளும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறதல்லவா?

படிகத்தைத் தடுக்கும் பொருட்கள்

ஒரே அளவுச் செங்கற்களை வைத்துச் சுவர் எழுப்புவது சுலபம். அந்தக் குவியலில் வெவ்வேறு அளவுக் கற்கள் நிறையக் கலந்துவிட்டால் வரிசை அமையாது. ஒன்றை வைத்தால் அடுத்தது உட்காராது. மிட்டாயில் குளுக்கோஸ் சிரப், எலுமிச்சைச் சாறு, வெண்ணெய், பால் எல்லாம் செய்வது இந்த வேலையைத்தான்.

சாதாரணச் சர்க்கரை சுக்ரோஸ் என்ற ஒரே வகை மூலக்கூறால் ஆனது. குளுக்கோஸ் சிரப் சேர்த்தால் வேறு வடிவ மூலக்கூறுகள் நடுவே புகுந்து அடுக்கு வரிசையைக் கெடுக்கும். சர்க்கரையின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்ப்பது வழக்கம். எலுமிச்சைச் சாறு வேறு வழியில் அதே பலனைத் தருகிறது. புளிப்பும் சூடும் சேரும்போது சுக்ரோஸில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். அதாவது கலப்புக் கற்கள் பாத்திரத்துக்குள்ளேயே உருவாகிவிடும். ஆனால் எவ்வளவு பிரியும் என்பது நேரத்தையும் சூட்டையும் பொறுத்தது, கூடிப்போனால் மிட்டாய் பிசுபிசுக்கும். தொடங்குவோருக்குக் குளுக்கோஸ் சிரப்தான் பத்திரம் என்பது என் கருத்து.

உடல்நலத்தை நினைத்துக் குளுக்கோஸ் சிரப்பை மட்டும் விட்டுவிட்டு அதற்குப் பதிலாகச் சர்க்கரையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. இனிப்பின் அளவு அப்படியேதான் இருக்கும். மிட்டாய்தான் மணல் மணலாகிவிடும்.

சுருக்கமாக: ஆறும் பாகு படிகமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். கேரமல், டாஃபி, லாலிபாப் ஆகியவற்றில் நாம் அதைத் தடுக்கிறோம். தடுப்பதில் வென்றால் கெட்டி மிட்டாய் உண்மையிலேயே ஒரு கண்ணாடிதான். அதன் மூலக்கூறுகள் வரிசை அமையும் முன்பே உறைந்து நின்றுவிட்டவை.

படிகம் வேண்டும் என்று செய்வது: ஃபட்ஜ்

ஃபட்ஜ்தான் இந்தக் கலையின் உச்சம் என்பேன், ஏனென்றால் இங்கே படிகத்தைத் தடுக்கவும் வேண்டும், வரவழைக்கவும் வேண்டும். நாக்கில் கரையும் ஃபட்ஜிலும் மணலாக உறுத்தும் ஃபட்ஜிலும் படிகங்கள் இருக்கின்றன. வித்தியாசம் அளவில் மட்டும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குக்கு மேல் போனால் நாக்கு அதைத் தனி மணியாக உணர்ந்துவிடும். அதற்குக் கீழே இருந்தால் வழவழப்பு.

பெரிய படிகமா சின்னப் படிகமா என்பதை எது தீர்மானிக்கிறது? படிகம் உருவாகத் தொடங்கும் நேரத்தில் பாகு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. சூடான பாகில் சில படிகங்களே தோன்றும். மூலக்கூறுகள் சுலபமாக நகர்வதால் கிடைக்கிற சர்க்கரை எல்லாம் அந்தச் சிலவற்றின் மேலேயே போய்ச் சேரும், அவை பெருக்கும். பாகு நன்றாக ஆறிய பிறகு தூண்டினால் ஒரே நேரத்தில் எண்ணற்ற படிகங்கள் தோன்றும். சர்க்கரை எல்லாவற்றுக்கும் பங்காகிப் போவதால் எதுவும் பெரிதாக வளராது.

அதனால் செய்முறை இப்படி அமைகிறது. 114 டிகிரி வந்ததும் இறக்கி, வெண்ணெய்த் துண்டை மேலே போட்டுவிட்டு அப்படியே விட வேண்டும். கிளறக் கூடாது, பாத்திரத்தை நகர்த்தக்கூட வேண்டாம். உள்ளங்கையைப் பாத்திரத்தின் வெளியே வைத்தால் இதமான சூடு மட்டும் தெரியும் வரை, அதாவது 45 டிகிரியை ஒட்டி ஆறும் வரை, காத்திருக்க வேண்டும். பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுதான். ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

அப்புறம் மரக்கரண்டியால் விடாமல் அடிக்க வேண்டும். முதலில் பளபளவென்று, பசையாக, கரண்டியைப் பிடித்து இழுக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு நிறம் ஒரு சாயல் வெளுக்கும். கரண்டி விட்ட தடம் உடனே மூடாமல் ஒரு கணம் நிற்கும். கடைசியில் மேல் பளபளப்பு சட்டென்று மங்கும். அந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும். இன்னும் பத்துத் தடவை அடித்துப் பார்ப்போம் என்று நினைத்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

இறுகாத ஃபட்ஜை ஃபிரிட்ஜில் வைப்பதால் பயன் இல்லை. குளிரில் விறைப்பாகத் தெரியும், வெளியே எடுத்ததும் மறுபடி வழியும். தண்ணீர் அதிகம் இருப்பதுதான் அங்கே கோளாறு, அதை ஃபிரிட்ஜ் எடுக்காது.

நிறமும் மணமும்

பழுப்பு நிறம் வந்தாலே "சர்க்கரை கேரமலாகிவிட்டது" என்று சொல்கிறோம். உண்மையில் இரண்டு வேறு வினைகள் அந்த நிறத்தைத் தருகின்றன. ஒன்று, சர்க்கரை தனியாகச் சூட்டில் சிதைவது. வெறும் சர்க்கரையில் இது 160 டிகிரியைத் தாண்டித்தான் கண்ணுக்குத் தெரியும். இதுதான் கேரமலாதல். இன்னொன்று, பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரிவது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-இல் இதை விவரித்ததால் மயார் வினை என்கிறோம். இது 120 டிகிரிக்குள்ளேயே நன்றாக நடக்கும்.

பாலும் கிரீமும் சேர்த்து 118 டிகிரியில் முடிக்கும் மென் கேரமலின் நிறத்துக்கும் மணத்துக்கும் பெரும்பாலும் மயார் வினைதான் காரணம். அதை நிதானமான தீயில் காய்ச்சினால் அந்த வினைக்கு நேரம் கிடைத்துச் சுவை ஆழமாகும். பிரிட்டில் செய்யும்போது கடைசியில் கொஞ்சம் சமையல் சோடா போடுவதற்கும் இதில் தொடர்பு உண்டு. சோடா கரியமில வாயுவைக் கிளப்பிப் பாகு முழுவதும் நுண்குமிழிகளை உண்டாக்கும், அதனால் பல்லுக்கு இலகுவாக நொறுங்கும். கூடவே காரத்தன்மை கூடுவதால் நிறமும் விறுவிறுவென்று ஏறும்.

எசன்ஸ், பழ வாசனை போன்றவற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் மணம் வீட்டுக்குள் பரவும், மிட்டாயில் தங்காது.

மிட்டாய் ஏன் பிசுபிசுக்கிறது

தண்ணீரை அவ்வளவு பாடுபட்டு விரட்டிய கெட்டி மிட்டாய், காற்றிலிருந்து அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு ஈரமாகி, கரைந்து, ஒட்டத் தொடங்கும். பல நாள் ஆனால் அந்த ஈரத்தால் மூலக்கூறுகள் நகர இடம் கிடைத்து, மேலே வெள்ளையாகப் படிகம் பூக்கும்.

மழைநாளில் மிட்டாய் வராது என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. காய்ச்சும்போது காற்றின் ஈரம் கெடுதல் செய்வதில்லை. தெர்மாமீட்டர் 150 காட்டினால் தண்ணீர் போய்விட்டது என்றே பொருள். கெடுதல் ஆறும்போதும், ஆறிய பிறகு திறந்து வைத்திருக்கும்போதும் நடக்கிறது. ஈரமான நாளில் செய்தாக வேண்டுமென்றால், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதுமே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் குளிர்ந்த மிட்டாயின்மேல் நீர் கோக்கும்.

சாக்லேட்டின் கதை வேறு

பரிசுப் பெட்டியில் சாக்லேட் இல்லாமல் இருக்காது என்பதால் ஒரு வார்த்தை. இங்கே படிகமாவது சர்க்கரை இல்லை, கோகோ வெண்ணெய் என்ற கொழுப்பு. அது ஆறு வகையான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் பளபளப்பையும் ஒடித்தால் வரும் 'டக்' சத்தத்தையும் தருவது. அந்த வகையை மட்டும் வரவழைக்க, டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27-ஐ ஒட்டிக் குளிர்வித்து, மறுபடி 31 அல்லது 32-க்கு ஏற்றுவார்கள். இதற்கு டெம்பரிங் என்று பெயர். இதைச் செய்யாமல் உருக்கி ஊற்றினால் மங்கலாக உறையும், சில நாளில் சாம்பல் படலம் படியும். அது பூஞ்சை இல்லை, மேலே வந்து உறைந்த கொழுப்பு. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. உருகிய சாக்லேட்டில் தண்ணீர் ஒரு துளி விழுந்தாலும் கட்டி தட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கெட்டுப்போனதை மீட்பது

நடந்தது என்ன என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். கேரமல் தளதளவென்று இருந்தால் தண்ணீர் கூடுதல். மறுபடி அடுப்பில் வைத்து 120-க்குக் கொண்டுபோங்கள். கல்லாகிவிட்டால் தண்ணீர் குறைவு. சில ஸ்பூன் தண்ணீரோ கிரீமோ சேர்த்து மெதுவாக உருக்கி, சரியான வெப்பநிலையில் நிறுத்துங்கள். ஃபட்ஜ் மணலாகிவிட்டால் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு மணிகூட மிச்சமில்லாமல் கரைத்து, முதலிலிருந்து காய்ச்சுங்கள். கரைந்துவிட்ட படிகத்துக்குப் பழைய ஞாபகம் எதுவும் கிடையாது. மீட்க முடியாதது ஒன்றே ஒன்று: கருகியது. அந்தக் கசப்பு போகாது, கொட்டிவிடுங்கள். ஒட்டிப்போன பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பிக் கொதிக்க விட்டால் எல்லாம் கரைந்து போய்விடும்.

பெட்டியில் அடுக்குவதும் நாள் கணக்கும்

மிச்சத் தண்ணீர் மிட்டாயின் ஆயுளையும் முடிவு செய்கிறது. கிருமிகளுக்கு எட்டும் நிலையில் ஓர் உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை நீர்ச் செயல்பாடு என்ற அளவால் சொல்வார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. 0.6-க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் வளராது. கெட்டி மிட்டாய் அதற்கு வெகு கீழே இருப்பதால், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் இருக்கும். சுற்றி வைத்த கேரமல் சில வாரம் தாங்கும். ஃபட்ஜுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கிரீமும் சாக்லேட்டும் கலந்து உருட்டிய டிரஃபிளில் ஈரம் அதிகம்; அது ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்க்க வேண்டியது.

ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்குவது கண்ணுக்கு அழகு, மிட்டாய்க்கு ஆகாது. தண்ணீர் அதிகம் உள்ளதிலிருந்து குறைவாக உள்ளதற்கு ஈரம் நகரும். ஃபட்ஜும் பிரிட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டு நாளில் ஃபட்ஜ் வறண்டு, பிரிட்டில் பிசுபிசுத்துவிடும். தனித்தனி உறையிலோ தனிச் சின்ன டப்பாக்களிலோ போட்டு, அவற்றைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.

கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். பிரிட்டிலும் லாலிபாப்பும் இரண்டு வாரம் முன்பே செய்து வைக்கலாம். கேரமல் ஒரு வாரம் முன்பு. ஃபட்ஜ் மூன்று நான்கு நாள் இருக்கும்போது. ஒரு நாள் ஊறினால் அதன் ருசி இன்னும் கூடும். டிரஃபிள் முந்தின நாள். பெட்டியின் மேல் ஒரு சீட்டில் செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், உள்ளே பால், முட்டை, கொட்டை வகைகள் எவை உள்ளன என்று எழுதி ஒட்டுங்கள். மார்ஷ்மெல்லோ வைத்திருந்தால் அதில் ஜெலட்டின் உண்டு என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.